‘நாய்க்கறி சாப்பிடுவியா மச்சி?’

2018 நவம்பர். சென்னை எழும்பூர் ரயில்வே ஸ்டேஷன். ஜோத்பூர்லேர்ந்து வந்த ரயில்ல ரெண்டாயிரம் கிலோவுக்கு மேல இறைச்சி வந்து இறங்கியது. தோலுரிச்ச உடம்பு, கொஞ்சம் நீளமான வால். ‘இது நாய்டா!’ன்னு ஒரு குரல் கிளம்ப… அவ்ளோதான்! டி.வி-யில பிரேக்கிங் நியூஸ், வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு மழை, பிரியாணிக் கடைக்காரங்க ஈ ஓட்டினாங்க. நான் அப்போ ஸ்கூல் பையன். அந்த மெசேஜ் கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி எங்க மலைக்கே ஏறி வந்துடுச்சுன்னா பார்த்துக்கோங்க!

சில நாள்ல சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியோட டெஸ்ட் ரிசல்ட் வந்தது. நாய் இல்ல, ஆடு. ராஜஸ்தான் பக்கத்து ஆடுகளுக்கு வால் கொஞ்சம் நீளம்னு வியாபாரிங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. யார் காதுல விழுந்தது?

2024 ஜூலையில இதே படம் பெங்களூருல ரீ-ரிலீஸ் ஆச்சு. இந்த தடவை ஜெய்ப்பூர் ரயில். அதே பெட்டி, அதே கூச்சல், அதே லேப் டெஸ்ட். ரிசல்ட்? மறுபடியும் ஆடுதான்.

ரெண்டு கதையிலயும் ஹீரோவான நாய் கடைசி வரை வரவே இல்ல. இல்லாத நாய்க்கே இவ்ளோ ரகளைன்னா, நிஜமாவே நாய்க்கறி சாப்பிடுற பழக்கம் இருக்கிற ஊர்லேர்ந்து ஒருத்தன் வந்து உங்க ஹாஸ்டல்ல தங்கினா அவன் கதி என்ன ஆகும்?

எனக்குத் தெரியும். ஏன்னா அவன் என் ரூம்மேட்!

பேர் கேட்கிறதுக்கு முன்னாடி…

நாகாலாந்துக்காரன். மெக்கானிக்கல். என்னைவிட நல்லா கிடார் வாசிப்பான் (எனக்கு வாசிக்கவே தெரியாதுங்கிறது வேற விஷயம்). ஃபர்ஸ்ட் இயர்ல எங்க எல்லார்கிட்டயும் சீனியர்ஸ் கேட்ட முதல் கேள்வி ‘பேரு என்ன, எந்த ஊரு?’ அவன்கிட்ட கேட்டது ‘நாய்க்கறி சாப்பிடுவியா மச்சி?’

அதுக்கப்புறம் கிளாஸ்மேட்ஸ் கேட்டாங்க. அப்புறம் கேன்டீன்ல கேட்டாங்க. ஹாஸ்டல் பின்னாடி சுத்துற தெருநாய் ரெண்டு நாள் கண்ணுல படலைன்னா ‘எங்கடா பிளாக்கியைக் காணோம்?’னு அவன் ரூம் கதவைத் தட்டினாங்க. காமெடியாம்! அவனும் சிரிப்பான். முதல் வருஷம் முழுக்க சிரிச்சான். அப்புறம் சிரிக்கிறதை நிறுத்திட்டு தட்டை எடுத்துக்கிட்டு ரூமுக்கு வந்து தனியா சாப்பிட ஆரம்பிச்சான்.

ஒருநாள் ராத்திரி கரன்ட் கட்ல பேசிக்கிட்டிருந்தப்போ அவனே சொன்னான்: “சாப்பிட்டிருக்கேன். ரெண்டு தடவை. சின்ன வயசுல உடம்பு சரியில்லாதப்ப தாத்தா வீட்டுல சூப் வெச்சுக் குடுத்தாங்க. மருந்துன்னு சொல்வாங்க.”

அவன் மொபைல் வால்பேப்பர்ல இருக்கிறது அவன் வீட்டு நாய். வெள்ளையும் பழுப்புமா, ஒரு காது மட்டும் மடங்கி இருக்கும்.

“அப்போ உன் வீட்டு நாய்…?”னு இழுத்தேன்.

“நீ உன் வீட்டு ஆட்டையேவா வெட்டிச் சாப்பிடுவ?”ன்னான் பதிலுக்கு.

எனக்கு ஒண்ணும் சொல்ல முடியல. ஏன்னா நாம அதைத்தான் செய்றோம்! குட்டியா இருக்கும்போதே சாமிக்கு நேர்ந்து விட்டு, பேர் வெச்சு, கொழுந்து ஊட்டி வளர்த்து, திருவிழாவுல கிடா வெட்டிக் கறிச்சோறு போடுறோம். அந்தக் கிடாவோட விளையாடின சின்னப் புள்ளைங்க அன்னிக்கு ஒரு மூலையில உட்கார்ந்து அழும். சாயங்காலம் பந்தியில அதே புள்ளைங்க உட்காரும்.

மணியோட டியூட்டி

ஹாஸ்டல்ல கிண்டலா கேட்ட இந்த விஷயத்தை நான் நிஜமான விவாதமா கேட்டது எங்க ஊர்ல. பேத்துப்பாறை. கொடைக்கானல் டூர் வர்றவங்க லிஸ்ட்ல எங்க பேர் பெரும்பாலும் இருக்காது. ஏரி, குணா குகை, தூண் பாறைன்னு சுத்திட்டு கிளம்பிடுவாங்க. எங்க ஊர் டவுனுக்குக் கீழ, மலைச்சரிவுல இருக்கு. வாழை, காபி, மிளகு, ஆரஞ்சு, பலா. பலா பழுத்தா யானை வரும். காட்டுப்பன்றிக்கு சீஸனே கிடையாது, வருஷம் முழுக்க வரும்.

அதனால எங்க ஊர் வீடுகள்ல நாய்ங்கிறது ‘பெட்’ கிடையாது. வேலைக்காரன்… ஸாரி, வாட்ச்மேன்! எங்க வீட்டு மணி குரைக்கிறதை வெச்சே என்ன வந்திருக்குன்னு அப்பத்தா சொல்லிடுவாங்க. பன்றின்னா குரைச்சுக்கிட்டே முன்னாடி ஓடும். யானைன்னா குரைச்சுக்கிட்டே வீட்டைப் பார்த்துப் பின்னாடி வரும். மணி பின்னாடி வந்தா எங்க வீட்டுல யாரும் வாசலுக்குப் போக மாட்டோம்.

போன வருஷம் செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். செம மழை. ரெண்டு வெளிநாட்டு சைக்கிள்காரங்க எங்க தகரக் கூரைக்கு ஒதுங்கினாங்க. மணி அவங்களைத் துரத்திக்கிட்டே வந்துச்சு. சைக்கிளுக்கும் நாய்க்கும் உலகம் முழுக்க ஆகாது போல! ஒருத்தர் ஜெர்மனி, தாடி வெச்ச அண்ணன். இன்னொருத்தர் இங்கிலாந்து அக்கா. வியட்நாம், தாய்லாந்து எல்லாம் மிதிச்சு முடிச்சுட்டு இந்தியாவுக்கு வந்திருக்காங்க. அப்பத்தா கறுப்புக் காபி போட்டுக் குடுத்தாங்க. மணி ஓயாம குரைக்க, அந்த அண்ணன் விளையாட்டா “வியட்நாம்ல இருந்தா நீ இவ்ளோ தைரியமா குரைக்க மாட்ட”ன்னார்.

அக்கா முகம் மாறிடுச்சு. பழைய சண்டை ஒண்ணு மறுபடியும் ஆரம்பிச்சுது.

விஷயம் இதுதான். வியட்நாம்ல ஒரு கிராமத்து வீட்டுல அவங்களுக்கு விருந்து. தட்டுல நாய்க்கறி. அவர் சாப்பிட்டார். இவங்க சாப்பிடல. அதுக்கப்புறம் ரெண்டு நாள் அவரோட சேர்ந்து மிதிக்கவே இல்லையாம்!

அவர் சொன்னார்: “விருந்தாளியா கூப்பிட்டு, வீட்டுல இருக்கிறதுலயே நல்லதை வைக்கிறாங்க. வேண்டாம்னு முகம் சுளிக்க நான் யாரு?”

இவங்க: “நாய் மனுஷனை நம்பி வந்த ஜீவன். அதைச் சாப்பிடுறது துரோகம்.”

அவர்: “தினமும் காலையில பன்றி சாசேஜ் சாப்பிடுறியே, பன்றி நாயைவிட முட்டாளா?”

இவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா சொன்னாங்க: “ரோட்டுல ஒரு பைக் நம்மளைத் தாண்டிப் போச்சே, ஞாபகம் இருக்கா? பின்னாடி கூண்டு. திரும்பக்கூட இடம் இல்லாம நாய்களை நசுக்கி வெச்சிருந்தாங்க. ஒண்ணு கழுத்துல பட்டை இருந்துச்சு. அது யார் வீட்டுலேர்ந்தோ திருடின நாய்.”

அதுக்கு மட்டும் அவர்கிட்ட பதில் இல்ல.

நான் பாதி பாதியா அப்பத்தாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவங்க ‘ச்சீ’ன்னு சொல்வாங்கன்னு எதிர்பார்த்தேன். அவங்க கேட்டது வேற: “அந்த ஊருல நாய்க்கு என்ன வேல?”

“தெரியல அப்பத்தா.”

“இங்க அதுக்கு ராக்காவ வேல. ஆன வந்தா நம்மள எழுப்புறத எவன் திம்பான்? அந்தூர்ல அதுக்கு வேற வேலையா இருக்கும். ஆனா களவாண்டு வந்து கூண்டுல நசுக்குறது எந்தூருலயும் பாவந்தேன்.”

மழை விட்டுச்சு. அவங்க கிளம்பிட்டாங்க. எனக்குத்தான் மண்டைக்குள்ள அந்தச் சண்டை ஓடிக்கிட்டே இருந்துச்சு. லீவு முடியிற வரைக்கும் இதைப் பத்திக் கிடைச்சதையெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். (அரியர் பேப்பருக்கு இப்படிப் படிச்சிருக்கலாம்னு அம்மா சொன்னாங்க!)

ஹீரோ சாப்பிட்டா சாகசம்!

தென் துருவத்தை முதல்ல தொட்டவர் யார்? ஸ்கூல் ஜி.கே-ல படிச்சிருப்பீங்க… நார்வேயின் அமுண்ட்சென், 1911 டிசம்பர். அவர் எப்படித் தொட்டார்னு படிச்சிருக்கீங்களா? 52 நாய்களோட கிளம்பினார், 11 நாய்களோட திரும்பினார். வழியில ஒரே இடத்துல 24 நாய்களைச் சுட்டு, மத்த நாய்களுக்கும் போட்டு, ஆட்களும் சாப்பிட்டாங்க. அந்த இடத்துக்கு ‘கசாப்புக் கடை’ன்னே பேர் வெச்சாங்க! அதுக்கும் முன்னாடி, 1870-ல பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டப்போ அந்த ஊர்க்காரங்க குதிரை, நாய், பூனை, எலின்னு எல்லாத்தையும் சாப்பிட்டாங்க. இன்னிக்கு நார்வேக்காரரையோ பிரெஞ்சுக்காரரையோ பார்த்து யாராச்சும் ‘நாய் தின்னி’ன்னு கூப்பிடுறோமா?

பார்க் ஜி சுங் கதையைக் கேளுங்க. மான்செஸ்டர் யுனைடெட்ல ஆடின தென்கொரிய ஸ்டார். அவரைப் புகழ்றதா நினைச்சு ரசிகர்கள் ஸ்டேடியத்துல ஒரு பாட்டு பாடினாங்க. அதுல கொரியாக்காரங்க நாய் சாப்பிடுறாங்கன்னு ஒரு நக்கல் வரி. ரிடையர் ஆகிப் பல வருஷம் கழிச்சு, 2021 அக்டோபர்ல அவர் வாயைத் திறந்தார். அந்த வரி சங்கடமா இருந்துச்சு, இனிமே பாடாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். உங்க டீமுக்குக் கோல் போடுற ஆளையே அந்த ஒரு வார்த்தையால தள்ளி நிறுத்த முடியும்னா, எங்க ஹாஸ்டல்ல என் ரூம்மேட் எம்மாத்திரம்?

இதுல செம ட்விஸ்ட் என்னன்னா, அதே தென்கொரியா 2024 ஜனவரி 9-ம் தேதி நாய்க்கறித் தொழிலுக்குத் தடைச் சட்டம் போட்டது. ஆதரவா 208 ஓட்டு, எதிர்ப்பா ஒண்ணுகூட இல்ல! கறிக்காக வளர்க்கிறது, வெட்டுறது, விக்கிறது எல்லாத்துக்கும் 2027-லேர்ந்து தண்டனைன்னு நாள் குறிச்சாங்க. 1988 சியோல் ஒலிம்பிக்ஸ் சமயத்துல வெளிநாட்டுக்காரங்க திட்டினப்போ நாய்க்கறிக் கடைகளைச் சந்துக்குள்ள தள்ளி ஒளிச்சு வெச்சாங்க, அவ்ளோதான். வீட்டுல நாய் வளர்க்கிற புதுத் தலைமுறை வந்து, அவங்களே அவங்க வீட்டுக்குள்ள பேசினப்பதான் சட்டம் மாறுச்சு.

நம்ம நாட்டுல?

2020-ல மிசோரம் சட்டசபை, இறைச்சிக்காக வெட்டலாம்ங்கிற பட்டியல்லேர்ந்து நாயை எடுத்துட்டது. அதே வருஷம் ஜூலையில, வாயைக் கட்டி சாக்குல திணிச்சு வெச்சிருந்த நாய்களோட போட்டோ நாடு முழுக்கப் பரவ, நாகாலாந்து அரசு நாய்க்கறி வியாபாரத்துக்குத் தடை போட்டது. வியாபாரிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2023 ஜூன்ல கௌஹாத்தி உயர் நீதிமன்றத்தோட கோஹிமா கிளை அந்தத் தடையை ரத்து பண்ணுச்சு. உத்தரவு போட்ட அதிகாரிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த அதிகாரமே இல்ல, நாகா மக்கள்கிட்ட இது காலங்காலமா இருக்கிற உணவுன்னு தீர்ப்பு சொன்னது.

அந்தப் போட்டோவை என் ரூம்மேட்டும் பார்த்திருக்கான். “அதைப் பார்த்து நானும்தான் அழுதேன். ஆனா அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பினவன் யாரும் நாய்க்காக அனுப்பல. ‘உங்க ஆளுங்களைப் பாரு’ன்னு காட்டத்தான் அனுப்பினான்”னு சொன்னான்.

பேரை மாத்திப் படி!

இதையெல்லாம் படிச்சு முடிச்சதும் எனக்கு நானே ஒரு சின்ன டெஸ்ட் கண்டுபிடிச்சேன். நாய்க்கறிக்கு எதிரா யார் என்ன சொன்னாலும், ‘நாய்’ங்கிற இடத்துல நம்ம தட்டுல இருக்கிற ஜீவனோட பேரைப் போட்டுப் படிக்கணும். வாக்கியம் அப்பவும் நிக்குதான்னு பார்க்கணும். ரொம்ப சிம்பிள்!

‘நாய்க்கு அறிவு ஜாஸ்தி, அதைச் சாப்பிடலாமா?’ இங்க பன்றியைப் போடுங்க. மூக்கால ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல கர்சரை நகர்த்துற அளவுக்குப் பன்றிகளைப் பழக்கியிருக்காங்க அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள். எங்க லேப்ல சிலபேருக்கு கையாலயே அது வராது! ஸோ, வாக்கியம் அவுட்.

‘நாய் நன்றியுள்ள ஜீவன், நமக்காக உழைக்குது.’ மாட்டைப் போடுங்க. உழவு ஓட்டி, பால் குடுத்து, பொங்கலும் வெச்சு, கடைசியில வயசான மாட்டை லாரியில ஏத்தி அனுப்புறோம். கால் அவுட்டாவது ஆயிடுச்சு.

‘நினைச்சாலே குமட்டுது!’ இதுதான் ரொம்ப டேஞ்சர். இதுல எந்தப் பேரை வேணும்னாலும் போடலாம், எல்லாமே நிக்கும். மாட்டுக்கறி சாப்பிடுறவங்களைப் பார்த்து ஒருத்தர் சொல்வார். பன்றிக்கறின்னா இன்னொருத்தர். வயல் எலி பிடிச்சுச் சாப்பிடுற இருளர் மக்களைப் பார்த்து எல்லாரும் சொல்வாங்க. நாம ரசிச்சுச் சாப்பிடுற கருவாட்டை அடுப்புல போட்டா அபார்ட்மென்ட்டே மூக்கைப் பொத்தும். என் ரூம்மேட் ஊர்லேர்ந்து அக்கூனின்னு ஒண்ணு கொண்டு வருவான். சோயாவைப் புளிக்க வெச்சுச் செய்றது, வாசனை தூக்கும். அதுக்கு எதிரா வார்டன்கிட்ட கம்ப்ளைன்ட் குடுத்த குரூப்ல ஒருத்தன் ரூம்ல நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு பாட்டில் இருந்துச்சு! குமட்டல் நம்ம வயித்தோட சமாசாரம். அது அடுத்தவன் நல்லவனா கெட்டவனான்னு சொல்லாது.

ஆனா நம்ம ஊர்ல அந்தக் குமட்டலை வெச்சுத்தான் யாரை எங்க உட்கார வைக்கணும்னு பல நூறு வருஷமா முடிவு பண்ணியிருக்காங்க. பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2017 மே மாசம் சென்னை ஐ.ஐ.டி-யில மாட்டுக்கறி விருந்துல கலந்துக்கிட்ட ஆராய்ச்சி மாணவர் கண்ணுல அடிபடுற அளவுக்குத் தாக்கப்பட்டார். 2018 டிசம்பர்ல அதே வளாகத்து மெஸ் ஒண்ணுல வெஜ்ஜுக்குத் தனி வாசல், நான்-வெஜ்ஜுக்குத் தனி வாசல், கை கழுவத் தனித்தனி இடம்னு போஸ்டர் ஒட்டினாங்க. எதிர்ப்பு வந்த பிறகுதான் எடுத்தாங்க.

சரி, டெஸ்ட்ல பாஸ் ஆன வாக்கியமே இல்லையா? இருக்கு. அந்த இங்கிலாந்து அக்கா கடைசியா சொன்னது. ‘திரும்பக்கூட இடம் இல்லாத கூண்டுல நசுக்கிக் கொண்டுபோறது கொடுமை.’ இதுல நாய்க்குப் பதிலா கோழின்னு போடுங்க. காலையில மொபெட்ல காலைக் கட்டித் தலைகீழாத் தொங்கவிட்டுக் கொண்டுபோற கோழிகள் ஞாபகம் வருதா? லாரியில மூக்கோட மூக்கு இடிக்க நிக்கிற மாடுகள் ஞாபகம் வருதா? வாக்கியம் ஜம்முனு நிக்குது. எந்த ஜீவனைப் போட்டாலும் நிக்குது. ஆனா இதைச் சொல்ல ஆரம்பிச்சா, முதல்ல நம்ம தெருமுனைக் கறிக்கடையில போய்ச் சொல்லணும். நாகாலாந்து வரைக்கும் போக வேண்டியதே இல்ல. அதனாலதான் இந்த வாக்கியம் யாருக்கும் பிடிக்கிறது இல்ல போல!

நான் நாய்க்கறி சாப்பிடுவேனா? மாட்டேன். மணி கூட வளர்ந்தவன், என்னால முடியாது. நாயைத் திருடி, சாக்குல கட்டி விக்கிறதைத் தடுக்கணும்னு யாராச்சும் கையெழுத்து கேட்டா முதல் ஆளா போடுவேன். என் ரூம்மேட்டும் போடுவான். ஆனா ‘நீ அதைச் சாப்பிடுறவன்’னு ஒருத்தனைத் தனித் தட்டோட தனி ரூம்ல உட்கார வைக்கிறதுக்கும் நாய்ப் பாசத்துக்கும் சம்பந்தமே இல்ல. அவ்ளோ பாசம் இருக்கிறவங்க கோபம் வந்தா ஏங்க அடுத்தவனை ‘நாயே’ன்னு திட்டுறீங்க?

இந்த செமஸ்டர் ஹாஸ்டலை விட்டு வெளிய வீடு எடுக்கலாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணினோம். ஆளுக்கொரு சைக்கிள்ல மூணு வாரமா சுத்துறோம். முதல் வீட்டுல போர்டுலயே எழுதியிருந்துச்சு, ‘வெஜிடேரியன் மட்டும்’. ரெண்டு பேரும் அவுட், நோ ஃபீலிங்ஸ். ரெண்டாவது வீட்டுல சிக்கன், மட்டன் ஓகே, மாட்டுக்கறி கூடாதுன்னாங்க. வாடகையும் கட்டுப்படியாகல.

மூணாவது வீட்டு ஓனர் என்கிட்ட மாடி ரூம், பாத்ரூம், தண்ணி டேங்க் எல்லாம் காட்டினார். சைக்கிளைப் பூட்டிட்டு என் ஃப்ரெண்ட் மேல ஏறி வந்தான். அவன் முகத்தைப் பார்த்தார். “ஸாரி தம்பி, மறந்தே போயிட்டேன். இந்த வீடு நேத்தே முடிஞ்சிடுச்சு.” கீழ கேட்ல ‘டு-லெட்’ போர்டு ஆடிக்கிட்டிருந்துச்சு.

சைக்கிளை எடுக்கும்போது அவன் சொன்னான்: “இவர் அந்தக் கேள்வியைக்கூட கேட்கல பாரு மச்சி. கேட்டிருந்தா பதிலாவது சொல்லியிருப்பேன்.”

ஞாயித்துக்கிழமை மறுபடியும் கிளம்புறோம்.